காக்காப்பொன்னும் கருவாட்டுக் குழம்பும்

பி.காம். படித்தவன் கையில் பேனா கொடுக்கலாம், பேலன்ஸ் ஷீட் கொடுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கொடுக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குக் கிடைத்தது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியில், என் சொந்தச் சமையலறையில். (வாடகை கொடுக்கிற வரைக்கும் சொந்தம்.)

எங்கள் வீட்டில் 'அவன்' என்றால் அது நான் இல்லை. மாமனார் சீராகக் கொடுத்த மைக்ரோவேவ் அவன்! என் மனைவிக்கு சிப்காட்டில் வேலை. இரண்டாவது ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, அதில்தான் சாப்பாட்டைச் சூடு பண்ணிக் கொள்வாள். ஆகவே வீட்டில் அவனுக்கு இருக்கிற மரியாதை வேறு... சரி, விடுங்கள்.

அன்றைக்கு, முதல் நாள் வைத்த கருவாட்டுக் குழம்பை (பழவேற்காட்டுச் சரக்கு!) மூடாமல் உள்ளே வைத்துப் பட்டனைத் தட்டினேன். ஒரு நிமிஷம் ஆகவில்லை. பட்... பட்... படார்! உள்ளே தீபாவளி. பதறிப்போய் சுவிட்சை அணைத்துத் திறந்தால், வலது பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு அட்டை. நடுவில் பழைய நாலணா அளவுக்குக் கருகிய ஓட்டை.

"பார்த்தியா, இத்தனை வருஷமா பேக்கிங் அட்டையை எடுக்காமலே ஓட்டியிருக்கோம்!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அதைப் பிய்த்து எடுத்தேன். பின்னால் ஒரு சதுர ஜன்னல். 'ஆஹா, காற்றுப் போகிற வழி. மொத்தமாகத் திறந்து சுத்தம் செய்துவிடலாம்' என்று முடிவு செய்து, பெரிய கெட்டிக்காரன் மாதிரி பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தேன்.

"சார், கையை எடுங்க!"

பேப்பர் கேட்க வந்த எதிர்வீட்டு ஃபிட்டர் அண்ணன். ரோலிங் மில்லில் இருபது வருஷ சர்வீஸ்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன் அண்ணே..."

"ஞாயித்துக்கிழமை பேங்க் பூட்டியிருக்கு. உள்ளே பணம் இல்லேன்னு அர்த்தமா சார்?"

காமர்ஸ்காரனுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிட்டார். விஷயம் இதுதான். நம் சுவர் பிளக்கில் வருவது 230 வோல்ட். அவனுக்குள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் அதை 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏற்றுகிறது. அதைச் சேமித்து வைக்க ஒரு கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 'பேலன்ஸ்' நிற்கலாம். தெரியாமல் விரல் பட்டால் நம் அக்கவுண்ட் குளோஸ்! வெளிக்கூட்டைக் கழற்றுவது மெக்கானிக் வேலை. நமக்கு அங்கே அனுமதி இல்லை.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இந்த அட்டை?" என்றேன்.

அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அட்டையா? காக்காப்பொன் சார் இது! மைக்கா. எங்க ஊர் சரக்கு."

அவர் ஊர் கூடூர். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சென்ட்ரலுக்கு எதிர்த்திசையில் ரயில் ஏறினால் வருகிற அதே கூடூர். நெல்லூர் மைக்கா என்றால் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் தனிப் பெயர்; லேசாகப் பச்சை ஓடும். அண்ணனின் பாட்டி, கத்தி வைத்து மைக்காவை வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிளக்கிற வேலை பார்த்தவராம்.

மைக்கா நெருப்புக்கு அசையாது, மின்சாரத்தையும் விடாது. பழைய இஸ்திரிப் பெட்டியில் கம்பி சுற்றியிருப்பது இதன் மேல்தான். மைக்ரோவேவ் அலையை மட்டும் தடுக்காமல் அனுப்பிவிடும். உள்ளே மேக்னட்ரான் என்கிற குழாயிலிருந்து விநாடிக்கு 245 கோடி தடவை அதிர்கிற அலை அந்த ஜன்னல் வழியாக வருகிறது. குழம்பு தெறித்து உள்ளே போய் மேக்னட்ரானைக் கெடுக்காமல் காவல் நிற்பது இந்த மைக்கா மூடி. அதன் மேல் தெறித்த எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் கரியாகிறது. கரி அலையை இழுக்கிறது. அப்புறம் தீபாவளிதான்.

இன்னொரு வேடிக்கை. மேக்னட்ரான் இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக வேலை பார்த்தது. அமெரிக்காவின் ரேதியான் கம்பெனியில் 1945-ல் பெர்சி ஸ்பென்சர் என்பவர் அதன் எதிரே நின்றபோது பையிலிருந்த சாக்லேட் உருகியது என்பார்கள். 1947-ல் வந்த முதல் அடுப்பு சுமார் 340 கிலோ! அதே போரில் ரேடியோவுக்கும் விமானத்துக்கும் இந்திய மைக்கா கப்பல் கப்பலாகப் போனது. போரில் சேர்ந்து உழைத்த இருவரும் இப்போது ரிடையராகி என் கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணுகிறார்கள்!

"காத்துப் போற வழி எது தெரியுமா?" என்று அண்ணன் அவனைச் சுவரிலிருந்து நகர்த்தினார். பின்பக்கத் தகட்டில் சின்னச் சின்னத் துவாரங்கள். அத்தனையிலும் தூசி. மேலே மனைவி பின்னிய பூப்போட்ட உறை வேறு. 1,200 வாட் இழுக்கிற அடுப்பு சாப்பாட்டுக்குக் கொடுப்பது 800 வாட் மாதிரிதான். பாக்கி பெரும்பாலும் உஷ்ணமாக அந்தத் துவாரங்கள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைத்தால், பாதுகாப்பு சுவிட்ச் பாதியில் நிறுத்திவிடும்.

அண்ணன் சொன்ன வைத்தியம், பேச்சிலர் நண்பர்களே, குறித்துக் கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கவும். துவாரங்களை வெளியிலிருந்தே உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கவும். தண்ணீர் தெளிக்கக் கூடாது. கழற்றலாம் என்று கையேட்டில் சொல்லியிருக்கிற பிளாஸ்டிக் மூடியை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டவும். உடைந்திருந்தால் அதே மாடலுக்கு உள்ளதை வாங்கவும். பின்னால் ஒரு சாண் இடம் விடவும்.

மைக்கா மூடியில் அழுக்கு மட்டும் என்றால் ஈரத்துணி போதும். கருகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. காலண்டர் அட்டை வெட்டி வைக்கவே கூடாது! பின்னால் சுவரின் பெயிண்ட் கருகியிருந்தாலோ, புது மூடிக்குப் பிறகும் பொறி வந்தாலோ மெக்கானிக்.

திங்கட்கிழமை பழைய துண்டை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மைக்கா ஷீட்டின் விலை, போக வர நான் குடித்த டீக்கும் தின்ற வடைக்கும் ஆன செலவைவிடக் கொஞ்சம்தான் கூட. பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, பழைய இடத்திலேயே பொருத்தினேன். ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டினேன். பொறி இல்லை. சத்தம் இல்லை.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு மனைவி குழம்பைச் சூடு பண்ணி (மூடி போட்டு!) நிம்மதியாகச் சாப்பிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் வீட்டில் இப்போது ஸ்க்ரூ டிரைவர் இல்லை. எதிர்வீட்டு அண்ணனிடம் போட்டு வைத்துவிட்டாளாம்.

ஃபிக்ஸட் டெபாசிட்!