காரைக்குடி - திருவாரூர் இருப்புப்பாதை

காரைக்குடி - திருவாரூர் இருப்புப்பாதை என்பது தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள காரைக்குடிச் சந்திப்பையும் திருவாரூர்ச் சந்திப்பையும் இணைக்கும், ஏறத்தாழ 150 கி.மீ. நீளமுள்ள ஒற்றை இருப்புப்பாதை ஆகும். இது தெற்கு இரயில்வேக்கு உட்பட்டது. மீட்டர் பாதையாக இருந்த இது 2012இல் மூடப்பட்டு, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. திறந்த பின்னரும் சில ஆண்டுகள் இதில் தொடருந்துகள் மிக மெதுவாகவே ஓடின. தண்டவாளமோ பாலங்களோ இதற்குக் காரணமல்ல. சாலைகள் பாதையைக் குறுக்கிடும் இடங்களில் உள்ள இரயில்வே கேட்டுகளில் ஆள் இல்லாததே காரணம். ஒரு பாதை அமைவதற்கும் அதில் சேவை அமைவதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு இப்பாதை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாதையும் ஊர்களும்

காரைக்குடியிலிருந்து புறப்படும் பாதை செட்டிநாட்டின் கீழ்ப்பகுதியிலுள்ள கண்டனூர் புதுவயல் வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து அறந்தாங்கியை அடைகிறது. பின்னர் தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களையும், திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களையும் தொட்டுத் திருவாரூரில் முடிகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகத்தியம்பள்ளிக்கு 37 கி.மீ. நீளக் கிளைப்பாதை ஒன்று செல்கிறது.

இவ்வூர்களின் நிலை ஒன்றுபோல் இல்லை. காரைக்குடிக்குத் திருச்சிராப்பள்ளி - மானாமதுரை பாதை உண்டு. சென்னைக்குச் செல்ல அதுவே போதும். திருவாரூருக்குத் தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகிய மூன்று திசைகளிலும் பாதைகள் உண்டு. ஆனால் பேராவூரணி, பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை ஆகியவற்றுக்கு வேறு இருப்புப்பாதை கிடையாது. எனவே பாதை மூடப்பட்ட ஆண்டுகளின் சுமையைப் பெரிதும் தாங்கியவை நடுவிலுள்ள இவ்வூர்களே.

வரலாறு

இப்பாதையின் கிழக்குப் பகுதி தஞ்சாவூர் மாவட்டக் கழகத்தின் முயற்சியால் உருவானது. இருப்புப்பாதை அமைப்பதற்கென்றே மாவட்டக் கழகம் நிலத்தின் மீது ஒரு மேல்வரி விதித்து நிதி திரட்டியது. அந்நிதியைக் கொண்டு மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை அமைக்கப்பட்ட பாதை 1894இல் திறக்கப்பட்டது. தென்னிந்திய இரயில்வே நிறுவனம் அதில் வண்டிகளை இயக்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் பாதை பட்டுக்கோட்டைக்கும், பின்னர் அறந்தாங்கிக்கும் நீட்டிக்கப்பட்டது. உள்ளூர் உழவர்கள் செலுத்திய வரியால் அமைந்த இருப்புப்பாதை என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

அறந்தாங்கியோடு பாதை நின்றுவிட்டது. அக்காலத்தில் காரைக்குடியில் தொடருந்தே இல்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும் பாதை திறக்கப்பட்டது. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு கட்டப்பட்ட செட்டிநாட்டுப் பெருவீடுகளில் பல, தொடருந்து வருவதற்கு முன்பே எழுந்தவை என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். வந்த பாதையும் எல்லா ஊர்களையும் தொடவில்லை. தேவகோட்டைக்கான நிலையம் நகரிலிருந்து வெகுதொலைவில் அமைந்ததால் 'தேவகோட்டை ரஸ்தா' எனப்பட்டது. 'ரஸ்தா' என்பதற்குச் சாலை என்பது பொருள். நிலையப் பெயரில் இச்சொல் வந்தால், இறங்கிய பின் இன்னும் சாலைவழிப் பயணம் மீதமுள்ளது என்று கொள்ளலாம்.

அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையிலான விடுபட்ட பகுதி விடுதலைக்குப் பின் 1952இல் இணைக்கப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்து கடலோர மாவட்டங்கள் வழியாகச் செட்டிநாட்டை அடைய நேரடிப் பாதை கிடைத்தது. இவ்வழியே சென்னை எழும்பூருக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடிய இரவு வண்டிக்குக் 'கம்பன் விரைவு வண்டி' என்று பெயர். காரைக்குடியில் சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தை அறிந்தவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் புரியும். 2000களில் விழுப்புரம் - மயிலாடுதுறை பகுதியில் அகலப்பாதைப் பணிகள் தொடங்கியபோது இவ்வண்டி நின்றுபோனது. அதன் பெயர் மட்டும் பயணிகளின் கோரிக்கை மனுக்களில் நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அகலப்பாதையாக்கம்

மீட்டர் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,000 மி.மீ.; அகலப் பாதையில் 1,676 மி.மீ. ஒன்றில் ஓடும் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. காரைக்குடி வழியாகச் செல்லும் திருச்சிராப்பள்ளி - மானாமதுரை பாதையும், மறுமுனையில் திருவாரூரைத் தொடும் பாதைகளும் படிப்படியாக அகலப் பாதையாக மாறியபின், இடைப்பட்ட இந்த 150 கி.மீ. மட்டும் மீட்டர் பாதையாகவே தனித்து நின்றது. இரு முனைகளிலும் வண்டி மாறாமல் யாரும் எங்கும் செல்ல இயலாத நிலை ஏற்பட்டது. 2012இல் இப்பாதையும் மாற்றத்திற்காக மூடப்பட்டது.

காரைக்குடி - பட்டுக்கோட்டை பகுதியில் முதல் வண்டி 2018 மார்ச்சில் ஓடியது. பட்டுக்கோட்டை - திருவாரூர் பகுதி 2019 சூன் மாதம் சேவைக்கு வந்தது. எனவே 2012இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு பட்டுக்கோட்டை மாணவர், தம் ஊரில் மீண்டும் தொடருந்தைப் பார்ப்பதற்குள் பள்ளிப்படிப்பின் இறுதிக்கு வந்திருப்பார். அகத்தியம்பள்ளிக் கிளைப்பாதைக்கு இன்னும் கூடுதலான காலம் பிடித்தது. அது 2023 ஏப்ரல் 8 அன்றே மீண்டும் திறக்கப்பட்டது.

கேட்டுகளும் வேகமும்

2019இல் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே விடப்பட்ட 'டெமு' வண்டி (இரு முனைகளிலும் ஓட்டுநர் அறையுள்ள டீசல்-மின் பன்னலகு வண்டி) 150 கி.மீ. தொலைவைக் கடக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதாவது சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. புதிய தண்டவாளத்தில், புதிய பாலங்களின் மீது ஓடும் வண்டியின் வேகம் இது.

இதன் காரணத்தை அறிய, கேட்டுகள் இயங்கும் முறையைப் பார்க்க வேண்டும். மீட்டர் பாதைக் காலத்தில் நாட்டுப்புறச் சாலைகளின் கேட்டுகள் பலவற்றில் ஆள் கிடையாது. சாலையில் வருவோர் தாமே நின்று, இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும். இவ்வகைக் கடவைகளில் நேர்ந்த விபத்துகளின் காரணமாக, அகலப் பாதைகளிலுள்ள ஆளில்லாக் கடவைகள் அனைத்தையும் நீக்க இந்திய இரயில்வே முடிவு செய்தது. அப்பணி 2019 சனவரியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. எனவே அகலப் பாதையாக மாறும் எந்தப் பாதையிலும் ஒவ்வொரு கடவையிலும் ஆள் இருக்க வேண்டும், அல்லது கடவையையே மூடிவிட்டுச் சுரங்கப்பாதையோ மேம்பாலமோ கட்ட வேண்டும். நன்செய்யும் சிற்றூர்களும் நெருங்கிய இப்பகுதியில் கேட்டுகள் ஏறத்தாழ எழுபது இருந்தன.

ஒரு கேட்டை 24 மணி நேரமும் காக்க, எட்டு மணி நேர முறைப்படி மூவர் தேவை. எழுபது கேட்டுகளுக்கு 210 பேர். விடுப்புக்கும் ஓய்வு நாளுக்கும் மாற்றாட்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். நாளொன்றுக்கு ஓரிரு வண்டிகள் மட்டுமே ஓடும் பாதைக்கு இத்தனை பேரை அமர்த்துவது உடனே நடக்கவில்லை. மாற்றாக 'நடமாடும் கேட் கீப்பர்' முறை கையாளப்பட்டது. இதன்படி கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்வர். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிச் சென்று கேட்டைச் சாத்துவார். வண்டி மெல்லக் கடந்து மறுபுறம் நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு மீண்டும் ஏறிக்கொள்வார். பின்னர் வண்டி புறப்படும்.

நிற்பது, சாத்துவது, கடப்பது, மீண்டும் நிற்பது, திறப்பது என ஒரு கேட்டுக்கு மூன்று நிமிடம் எனக் கொண்டால், எழுபது கேட்டுகளுக்கு மூன்றரை மணி நேரம். ஆறு மணி நேரப் பயணத்தில் பாதிக்கு மேல் எங்கே போயிற்று என்பது இந்த எளிய கணக்கிலேயே விளங்கும். முறை என்ற அளவில் இதில் பிழையில்லை. பாதுகாப்பில் இது எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் அதே ஊர்களைச் சாலைவழியே பேருந்துகள் இதைவிட விரைவாக இணைத்தமையால், வண்டியில் கூட்டம் சேரவில்லை. கூட்டம் இல்லை என்பதே, ஆட்களை அமர்த்தவும் வண்டிகளைக் கூட்டவும் தயங்குவதற்குக் காரணமாகக் கூடியது. இவ்வளையம் எந்த இடத்தில் உடைக்கப்படும் என்பதே அப்போதைய கேள்வி.

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2021 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அதையொட்டி முன்னாள் படைவீரர்கள் ஒப்பந்த முறையில் கேட் கீப்பர்களாக அமர்த்தப்பட்டனர். இதன்பின் பயண நேரம் படிப்படியாகக் குறைந்து நான்கு மணி நேரத்துக்கும் கீழே வந்தது. தண்டவாளத்தில் எந்த மாற்றமும் செய்யாமல், ஆட்களை அமர்த்தியதன் மூலமே கிடைத்த வேகம் இது.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. கேட்டுகளில் இரு வகை உண்டு. சைகையோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட்டைப் பூட்டினாலன்றி வண்டிக்குப் பச்சை விளக்கு எரியாது. பிணைக்கப்படாத கேட்டில், நிலைய அலுவலர் தொலைபேசியில் சொல்ல, கேட் கீப்பர் சாத்திவிட்டு ஓர் எண்ணைக் கூறி உறுதிசெய்வார். அந்த உரையாடல் ஒன்றே காப்பு. 2025 சூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில், விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் வண்டி பள்ளி வாகனத்தின் மீது மோதி மாணவர்கள் மூவர் உயிரிழந்தது பிணைக்கப்படாத கேட்டிலேயே ஆகும். இவ்விபத்துக்குப் பின், கேட்டுகளைச் சைகையோடு பிணைக்கும் பணியை விரைவுபடுத்த இரயில்வே அமைச்சு உத்தரவிட்டது.

விரைவு வண்டிகள்

பகல் நேரப் பயணிகள் வண்டி மட்டும் ஓடிய பாதையில் நெடுந்தொலைவு வண்டிகள் 2022 முதல் வரத் தொடங்கின. எர்ணாகுளம் - வேளாங்கண்ணி வண்டி முதலில் சிறப்பு வண்டியாகவும், 2023 முதல் நிரந்தர விரைவு வண்டியாகவும் இவ்வழியே இயக்கப்படுகிறது. 2023 ஏப்ரல் 8 அன்று தாம்பரம் - செங்கோட்டை விரைவு வண்டி தொடங்கப்பட்டது; வாரம் மும்முறை ஓடும் இவ்வண்டியே கம்பன் விரைவு வண்டிக்குப் பின் இப்பாதை ஊர்களுக்குச் சென்னைப் பக்கம் செல்லக் கிடைத்த முதல் நிரந்தர நேரடி வண்டி. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தின் திறப்போடு தொடங்கப்பட்ட இராமேசுவரம் - தாம்பரம் விரைவு வண்டியும் காரைக்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகவே செல்கிறது.

இதே காலத்தில் காரைக்குடியின் தேவை வேறு வழியில் நிறைவேறியது. திருச்சிராப்பள்ளி வரை ஓடிய பல்லவன் அதிவிரைவு வண்டி 2013 செப்டம்பரில் காரைக்குடி வரை நீட்டிக்கப்பட்டது. அதிகாலையில் புறப்பட்டு நண்பகல் வாக்கில் சென்னை சேரும் இவ்வண்டி செட்டிநாட்டுச் சிற்றூர்களில் உள்ளோருக்கும் முதன்மையான பகல் வண்டியாகும். ஆயினும் அந்நேரத்தில் நிலையத்தை அடைய ஊர்ப் பேருந்து கிடைப்பதில்லை என்பதால், உறவினரின் இருசக்கர வண்டியோ வாடகைக் காரோ இன்றி இதைப் பிடிப்பது கடினம்.

பயணிகளின் அன்றாடச் சிக்கல்கள்

நெடுந்தொலைவு வண்டியை விட அன்றாடப் பயணிக்கு முதன்மையானது கட்டணமும் இணைப்பும் ஆகும். பெருந்தொற்றுக்குப் பின் பயணிகள் வண்டிகள் 'சிறப்பு விரைவு வண்டி' என்ற பெயரில் இயக்கப்பட்டன. பெட்டிகளும் நிறுத்தங்களும் பழையனவே. ஆனால் குறைந்த அளவுக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. புதுவயலிலிருந்து காரைக்குடிக்குச் செல்பவருக்கு இது மும்மடங்கு. பழைய கட்டணம் 2024 பிப்ரவரி இறுதியில் நாடு முழுவதும் திரும்பியது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க இயலும். ஒரு வண்டி தாமதித்தால் எதிரில் வருவதும் ஏதேனும் ஒரு நிலையத்தில் காத்திருக்கும். அத்தாமதத்தால் காரைக்குடியில் மானாமதுரைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ மாற வேண்டிய வண்டி போய்விட்டால், அடுத்ததற்குப் பல மணி நேரம் ஆகலாம். கால அட்டவணையில் இணைப்பு இருப்பதாகத் தோன்றினும் இரயில்வே அதற்கு உறுதி அளிப்பதில்லை. மாறிச் செல்வோர் ஒரு மணி நேரமேனும் இடைவெளி வைத்துக்கொள்வது நலம்.

கேட்டுகளை மூடிவிட்டுக் கட்டப்படும் சுரங்கப்பாதைகள் மற்றொரு சிக்கல். இவை காத்திருப்பை ஒழிக்கின்றன, கேட் கீப்பரின் தேவையையும் ஒழிக்கின்றன. ஆனால் தரைமட்டத்துக்குக் கீழே அமைவதால் மழைநீர் தேங்குகிறது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் இத்தகைய சுரங்கப்பாதையில் தேங்கிய வெள்ளத்தில் கார் மூழ்கி மருத்துவர் ஒருவர் உயிரிழந்தார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கதிர் அறுக்கும் இயந்திரமும் பள்ளி வாகனமும் செல்லும் ஊர்ச்சாலைகளில், நீர் வடிய வழியில்லாத சுரங்கப்பாதை சாத்திய கேட்டைவிட நீண்ட நேரம் ஊரை அடைத்துவைக்கும். புதிதாகக் கட்டப்படுபவற்றில் சில இடங்களில் மேற்கூரையும் நீர் இறைக்கும் பொறிகளும் சேர்த்து அமைக்கப்படுகின்றன.