தலைமைப் பதவியும் வாக்காளர் கருத்தும்

ஒருவர் அரசியலில் விரைந்து மேலேறி வருங்கால், "இவர் தலைவராவாரா?" என்னும் வினா நாற்புறமும் எழுதல் இயல்பு. மாணவர் விடுதியிலும், புகைவண்டிப் பெட்டியிலும், கடைத்தெருவிலும், மணப்பந்தலிலும் இவ்வினா ஆராயப்படுகின்றது. "ஐயமே இல்லை" என்பர் ஒருவர். "ஒருக்காலும் ஆகார்" என்பர் மற்றொருவர். இருவரும் தத்தம் கூற்றுக்குச் சான்றாக, "ஜனங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றே முடிப்பர். அந்த 'ஜனங்கள் எல்லோரும்' யாவர்? அவர்கள் கருத்தை இவர்கள் எங்ஙனம் அறிந்தனர்? அக்கருத்துக்கும் பதவிக்கும் உள்ள தொடர்பு யாது? இவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அண்டை அயலாக விளங்கும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களின் வரலாறே நமக்குப் போதிய பாடம் தரும்.

தலைமைக்குச் செல்லும் வழிகள்

முதற்கண், தலைமைப் பதவி யாவும் ஒரே வழியாக எய்தப்படுவன அல்ல என்பதை உணர்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியரசுத் தலைவரைத் தெரிந்தெடுக்கும் பொருட்டுக் குடிகள் அனைவரும் வாக்களிக்கின்றனர். நம் நாட்டிலோ, குடியரசுத் தலைவரைத் தேர்பவர்கள் பாராளுமன்றத்தின் இரு சபைகளிலும் மாநிலச் சட்டசபைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 2012 ஆம் ஆண்டில், இராமேசுவரத்தில் பிறந்து திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாம் அவர்கள் மீண்டும் குடியரசுத் தலைவராதல் வேண்டுமென்று பொதுமக்கள் பலர் விழைந்தனர். ஆயினும் அவர்கள் கையில் அதற்குரிய வாக்கு இல்லை. வாக்குரிமை உடையோரின் தொகையைக் கருதிய கலாம் அவர்கள் போட்டியிடாமல் விலகினார்கள். விருப்பம் ஓரிடத்தும் வாக்கு வேறோரிடத்தும் இருப்பின், விருப்பத்தைக் கொண்டு முடிவைக் கணித்தல் இயலாது.

விருப்பமும் வாக்கும் ஓரிடத்தில் இருப்பினும், கேட்கப்படுவோர் யாவர் என்பது மற்றொரு சிக்கல். 1936 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் போட்டியிட்டபோது, 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் பத்திரிகை ஒரு கோடி பேருக்குக் கருத்துச் சீட்டுகளை அனுப்பிற்று. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, லாண்டனே வெல்வார் என்று அப்பத்திரிகை உறுதி கூறிற்று. தேர்தல் முடிவில் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறு ரூஸ்வெல்ட்டின் பக்கம் நின்றன. பிழை எங்கே நேர்ந்தது? சீட்டு அனுப்புதற்குரிய விலாசங்களுள் பெரும்பாலன தொலைபேசி உடையோர், மோட்டார் வண்டி உடையோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டன. தொழில் மந்தத்தால் நாடு வாடிய அக்காலத்தில், வேலையற்றுக் கிடந்த ஏழைக்குத் தொலைபேசி ஏது? அவ்வேழையைக் கேளாமலே நாட்டின் கருத்தைக் கண்டதாக அப்பத்திரிகை எண்ணியது. வந்த விடைகளும் எழுதி அனுப்ப ஆர்வங்கொண்ட சிலருடைய விடைகளே. இரண்டு ஆண்டுகளுக்குள் அப்பத்திரிகையும் மறைந்தது.

இராஜபாளையத்தின் தலைவர்

இனி நம் ஊர்களுக்கு வருவோம். பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா அவர்கள் 1898 ஆம் ஆண்டில் இராஜபாளையத்தில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். காந்தியடிகளின் நெறியில் ஈடுபட்டுக் காங்கிரஸ் இயக்கத்தில் சேர்ந்தார். 1934 இல் மத்திய சட்டசபைக்கும், 1937 இலும் 1946 இலும் சென்னை மாகாணச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரகாசம் அவர்களின் மந்திரி சபையில் இடம்பெற்றார். 1949 ஏப்ரல் 6 ஆம் நாள், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பின்னர்ச் சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவி ஏற்றார். 1950 ஜனவரி 26 இல் நாடு குடியரசானபோது அப்பதவியின் பெயர் முதலமைச்சர் என மாறிற்று. எனவே சென்னை மாகாணத்தின் கடைசிப் பிரதமரும், சென்னை இராஜ்யத்தின் முதல் முதலமைச்சரும் அவரே.

அந்நாளில் சென்னை மாகாணம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய நான்கு மொழி வழங்கும் நிலங்களையும் தன்னுள் அடக்கியிருந்தது. தமிழ்நாட்டு ஊரில் பிறந்து தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அம்மாகாணத்தின் தலைமைக்கு வந்தமை பொருத்தமுடையதே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்க. அவரைப் பிரதமர் பதவிக்குத் தெரிந்தவர்கள் சட்டசபைக் காங்கிரஸ் கட்சி உறுப்பினர்கள். அவ்வுறுப்பினர்களை 1946 இல் தெரிந்தவர்களோ, சொத்து, வரி, கல்வி முதலிய தகுதிகளால் வாக்குரிமை பெற்றிருந்த ஒரு பகுதியினர் மாத்திரமே. 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள் தொகையில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கே அவ்வுரிமை இருந்தது. நிலமில்லாத உழவனும், வரி செலுத்தும் அளவுக்கு வருவாயற்ற நெசவாளியும், கூலி வேலை செய்யும் பெண்ணும் ராஜா அவர்களைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதை அதுவரை யாரும் வாக்குப்பெட்டி வாயிலாகக் கேட்டதில்லை.

விருதுநகரின் தலைவர்

இதே காலத்தில் அண்டை நகராகிய விருதுநகரில் தோன்றிய மற்றொருவர் வேறு வழியே ஏறிவந்தார். காமராஜ் அவர்கள் பள்ளிப் படிப்பை இளமையிலேயே விடுத்தவர். காங்கிரஸ் தொண்டராகத் தொடங்கியவர். 1936 இல் சத்தியமூர்த்தி அவர்கள் மாகாணக் காங்கிரஸ் தலைவரானபோது செயலாளரானார். 1940 இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தலில் சி. பி. சுப்பையா அவர்களை எதிர்த்து நின்றார். காமராஜுக்கு 103 வாக்குகள், சுப்பையாவுக்கு 100. மூன்றே வாக்குகள் ஒரு வரலாற்றைத் திருப்பின. அடுத்த ஆண்டில் அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையான பின், முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை வகித்தல் தகாதென்று அதனை உடனே துறந்தார். பின்னர் 1949 இல் குமாரசாமி ராஜா அவர்கள் பிரதமரானபோது, அதற்குத் துணைநின்றவர்களுள் காமராஜ் அவர்கள் முதன்மையானவர்.

ஆக, ஒருவர் மாகாண அரசின் தலைவர். மற்றவர் மாகாணக் கட்சியின் தலைவர். ஒரே மாவட்டத்தினர்; ஒரே கட்சியினர்; ஒருவருக்கொருவர் உறுதுணையானவர். இருவரையும் அதுவரை மேலேற்றியவை சிறிய அவைகளே.

இரண்டு சீட்டுகள்

நிற்க. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத் தேர்தலில், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். நாடு முழுவதும் பதினேழு கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதியப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலார் எழுத்தறியாதவர். ஆதலின் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் சீட்டில் யாதொரு குறியும் இடவேண்டுவதில்லை. மறைவிடத்திற் சென்று தாம் விரும்பிய பெட்டியிற் போட்டாற் போதும். மக்களவைக்கு ஒரு சீட்டு, சட்டசபைக்கு ஒரு சீட்டு. காங்கிரஸின் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை.

குமாரசாமி ராஜா அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சட்டசபைத் தொகுதியில் நின்றார். காமராஜ் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் நின்றார். ஆண்டாள் கோயிலின் கோபுர நிழலில் வாழும் வாக்காளர் ஒருவர் அன்று கையிற் கொண்ட இரண்டு சீட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று முதலமைச்சரைப் பற்றிய தீர்ப்பு. மற்றொன்று கட்சித் தலைவரைப் பற்றிய தீர்ப்பு. இரண்டிடத்தும் காளைப்பெட்டி இருந்தது. முடிவு வெளிவந்தபோது காமராஜ் வென்றார். முதலமைச்சர் தம் சொந்த மண்ணிலே தோற்றார்.

ஏன் இவ்வாறு?

உணவுப் பஞ்சமே முதற் காரணம் எனலாம். மழை பொய்த்த ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. அரிசிக்குப் பங்கீடு, தானியத்துக்குக் கட்டுப்பாடு, உழவனிடமிருந்து நெற்கொள்முதல். கைத்தறியாளர்க்கு நூல் கிடைப்பது அரிது. இம்மாகாணத்தில் காங்கிரஸுக்கு 375 இடங்களில் 152 இடங்களே கிடைத்தன. மந்திரிகள் பலர் தோற்றனர். ஆகவே ராஜா அவர்களின் தோல்வியை அவருடைய குணக்குறையாகக் கொள்ளுதல் பிழையாகும். அவரது நேர்மையை மாற்றுக் கட்சியினரும் மதித்தனர். ஆனால் பங்கீட்டுக் கடை வாசலில் பையோடு காத்துநின்ற தாய்க்கு, அரசு என்பது அவ்வரிசியின் அளவாகவே தோன்றிற்று. அரசின் தலைவர் யாரோ, அவரே அவள் குறைக்கு விடை கூறக் கடமைப்பட்டவர். கட்சித் தலைவரின் காரியமோ அவளுடைய அடுக்களைக்குள் அவ்வளவாக நுழையவில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மக்களவைத் தொகுதி சட்டசபைத் தொகுதியினும் பரந்தது. ஆதலின் இன்ன வாக்காளர் ஒரு சீட்டைக் காளைப்பெட்டியிலும் மற்றதை வேறு பெட்டியிலும் இட்டார் என்று நாம் அறுதியிட்டுரைத்தல் முடியாது. மொத்த எண்ணிலிருந்து தனி மனிதர் உள்ளத்தைப் படிப்பது எளிதன்று. எனினும், ஊர்ப் பெருமையும் பதவியின் பெருமையும் ஒருங்கு சேர்ந்தும் ஒரு வெற்றியைப் பெற்றுத்தர இயலவில்லை என்பது மாத்திரம் தெளிவு. "நம் ஊர்க்காரர் முதலமைச்சர், அவர் தோற்பதாவது!" என்று பேசியோர் தம்மை யொத்தோர் நடுவிலே பேசியிருத்தல் கூடும், 'லிட்டரரி டைஜஸ்ட்' செய்த பிழையும் அதுவே.

அதன் பின்னர்

ராஜா அவர்கள் அத்தீர்ப்பை ஏற்று 1952 ஏப்ரலில் பதவியினின்று நீங்கினார். அவர்க்குப்பின் முதலமைச்சரான இராஜாஜி அவர்கள் அவ்வாண்டிலேயே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். வாக்காளரின் குரல் தோற்றவரை வீழ்த்தியதோடு நில்லாது, வந்தவரின் காரியத்தையும் மாற்றிற்று. ராஜா அவர்கள் 1954 முதல் 1956 வரை ஒரிஸ்ஸாவின் கவர்னராகப் பணியாற்றினார். தம் இல்லத்தை இராஜபாளையம் காந்தி கலை மன்றத்துக்கு அளித்து, 1957 இல் மறைந்தார். தேர்தலில் தோற்ற ஒருவரைத் தம் ஊர் இன்றும் மதிப்போடு நினைக்கின்றது. வாக்கு ஒருவரது ஆட்சியை அளக்குமேயன்றி, அவரது வாழ்வு முழுவதையும் அளக்காது.

காமராஜ் அவர்கள் 1954 இல் முதலமைச்சரானார். 1963 இல் தாமே அப்பதவியை விட்டு, 1964 இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராயினார். இரு பிரதமர்கள் தெரிந்தெடுக்கப்படுதற்கு முன்னின்றார். அத்தகையவரையே 1967 இல் விருதுநகர் வாக்காளர்கள் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தனர். வென்றவர் சீனிவாசன் என்னும் மாணவர் தலைவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியோ 1957 இலேயே காங்கிரஸை எதிர்த்து நின்ற முத்துராமலிங்கத் தேவர் அவர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. எந்த ஊரின் வாக்கும் எவருக்கும் நிலையான உடைமை அன்று.

மாணவர்க்கு ஒரு சொல்

1989 முதல் பதினெட்டு வயது நிரம்பியோர்க்கும் வாக்குரிமை உண்டு. எனவே நம் கல்லூரியிற் பயிலும் பெரும்பாலார் இன்று வாக்காளரே. ஆகவே ஒரு தலைவரின் எதிர்காலத்தைப் பற்றிய பேச்சு செவியில் விழும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பழகுவோமாக. அப்பதவிக்குரிய வாக்கு யார் கையில் உள்ளது? கருத்துக் கேட்கப்பட்டவர் யாவர், கேட்கப்படாது விடப்பட்டவர் யாவர்? அத்தலைவரின் செயல் வாக்காளரின் அடுப்படியில் எவ்வாறு உணரப்படுகின்றது? இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் கூறப்படும் கணிப்பு, கூறுபவரின் ஆசையையே வெளியிடும்.

விடுமுறைக்கு இராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ செல்லும் நண்பர்கள், தறிக்கூடத்திலும் நூலாலை வாயிலிலும் வயல் வரப்பிலும் உள்ளோரிடம் சிறிது நேரம் நின்று, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பாராக. 1952 இல் ஒரு முதலமைச்சரின் தலைவிதியை முடிவு செய்தவர்கள் அவர்களுடைய பாட்டன் பாட்டியரே.