அடிமரம் எது?

இலக்கியக் கூட்டத்தில் வரைபடத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒரே ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய நீண்ட சண்டை இது. அதனால் இங்கே பேசத் துணிந்தேன்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. விக்கிப்பீடியா போல, யார் வேண்டுமானாலும் அதில் வரையலாம், திருத்தலாம். பிறந்த மண்ணின் சொற்கள் அதில் அப்படியே தங்கிவிட்டன. அங்கே எல்லாச் சாலைக்கும் ‘ஹைவே’ என்றுதான் குறிச்சொல், ஒற்றையடிப் பாதைக்கும்கூட. பிரிட்டிஷ் சட்ட வழக்கில் பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்தப் பாதையும் ஹைவேதான். நம்முடைய ‘வழி’ மாதிரி. அதற்குள் மோட்டார்வே, டிரங்க், பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி என்று படிகள் இறங்குகின்றன. டிரங்க் என்றால் அடிமரம். சென்னையில் ஜி.எஸ்.டி. ரோடு என்கிறோமே, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, அதே டிரங்க்.

மோட்டார்வேயில் பெரிய குழப்பமில்லை. எதிரெதிர்த் திசைகள் பிரிந்திருக்க வேண்டும், சிக்னல் கூடாது, ஏறுவதும் இறங்குவதும் இணைப்புச் சாலை வழியாக மட்டுமே. டொராண்டோவின் 401ஐக் கண்ணை மூடிக்கொண்டு அப்படிக் குறிக்கலாம்.

சண்டை டிரங்க்கில். அமெரிக்காவில் வரைபவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதாடினார்கள். மோட்டார்வேக்கு அடுத்த தரத்தில் கட்டிய சாலைதான் டிரங்க் என்றது ஒரு கட்சி. பெரிய ஊர்களை இணைக்கும் தலையாய வழி என்றால் போதும், எப்படிக் கட்டியிருந்தால் என்ன என்றது மறு கட்சி. முதல் கட்சியைத் தள்ளிவிட முடியாது. சாலையின் அமைப்பை நேரில் போய்ப் பார்த்துச் சரிபார்க்கலாம். முக்கியத்துவத்தை எதை வைத்து அளப்பது?

நான் இரண்டாம் கட்சி. காரணம் ஒரு பாலம். வட ஒன்டாரியோவில் 11, 17 எண் நெடுஞ்சாலைகள் இரண்டும் நிப்பிகன் ஆற்றை ஒரே இடத்தில் கடக்கின்றன. 2016 ஜனவரி 10 அன்று, திறந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் பாலத்தின் தளம் ஒரு பக்கம் சுமார் 60 சென்டிமீட்டர் மேலே எழும்பிவிட்டது. பாலத்தை மூடினார்கள். மறுநாள் ஒரு தடம் திறக்கும்வரை, கனடாவுக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்கே போகச் சாலை இல்லை. அமெரிக்கா வழியாகச் சுற்ற வேண்டியிருந்தது. அங்கிருந்து கிழக்கே சுப்பீரியர் ஏரியை ஒட்டிப் போகும் 17, பெரும்பாலும் திசைக்கு ஒரு தடம்தான். அமைப்பை மட்டும் பார்த்தால் சாதாரணச் சாலை. வரைபடத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கும்போது கீழ்ப்படிச் சாலைகள் மறைந்துபோகும். அப்போது நாட்டின் நடுவிலேயே கோடு அறுந்து நிற்கும். கனடாவில் வரைபவர்கள் அதை டிரங்க் என்றே குறிக்கிறார்கள்.

அமைப்பைச் சொல்ல வேறு குறிச்சொற்கள் இருக்கின்றன: எத்தனை தடம், தாரா சரளையா, வேக வரம்பு என்ன. எல்லாவற்றையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் தன் ஊர்ச் சாலை பளிச்சென்று தெரியட்டும் என்று ஒரு படி ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. ஊர்ப்பாசம் புரிகிறது, தகவல் பொய்யாகிவிடுகிறது.

நீங்கள் வரைய உட்கார்ந்தால் வேக வரம்பை மறக்காதீர்கள். அது இல்லாத இடத்தில் வழிகாட்டும் செயலிகள் பெரும்பாலும் சாலையின் படியை வைத்தே வேகத்தை ஊகிக்கும். ஏரிக்கரை வளைவுகளில் பனிக்காலத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த ஊகம் சொல்லும் நேரம் உதவாது.