கோப்பியின் அழிவு தந்த பாடம்

ஊவா மலைச் சரிவுகளில் இன்று தேயிலை பசுமை விரித்து நிற்கின்றது. ஆயின் அங்கு முதலிற் செழித்த பெருந்தோட்டப் பயிர் கோப்பியேயாகும். அது மறைந்த வரலாற்றை ஆராய்ந்தால், ஒரு நாட்டின் பொருள்வளத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல மூன்று விசைகள் புலனாகும். அரசாங்கத்தின்மீது ஒரு கூட்டத்தார் செலுத்தும் செல்வாக்கு ஒன்று; சந்தையில் நிகழும் போட்டி மற்றொன்று; உரிய காலத்திற் கிட்டும் அறிவு மூன்றாவது.

1854ஆம் ஆண்டில் தோட்டத்துரைமார் தமக்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தெருக்களும் புகையிரதப் பாதையும் வேண்டுமென அச்சங்கம் அரசாங்கத்தை இடைவிடாது வலியுறுத்திற்று. 1867இற் கண்டியை எட்டிய பாதை, படிப்படியாக நீண்டு 1924இற் பதுளையை அடைந்தது. தோட்டங்களின் நன்மைக்காகக் கேட்கப்பட்ட பாதையாயினும், ஊரார் யாவர்க்கும் அது பயன்பட்டது. எனவே, செல்வாக்கு எப்பொழுதும் தீதென்று கூறுதல் பொருந்தாது.

1869இல், பதுளையை அடுத்த மடுல்சீமையிலே, கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. அது ஒருவகைப் பூஞ்சணம் என இங்கிலாந்து அறிஞர் பார்க்லி அவ்வாண்டிலேயே கண்டு பெயரிட்டார். நோயின் பெயர் தெரிந்ததேயன்றி, பரவும் வகை தெரியவில்லை. அக்காலத்திற் கோப்பியின் விலை உயர்ந்திருந்தமையால், குறைந்த விளைச்சலும் போதிய பணம் தந்தது. நோயை விலை மறைத்தது. காடுகள் மேலும் வெட்டப்பட்டுக் கோப்பியே நடப்பட்டது. அதே வேளையில், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டிருந்தார். மாற்றுவழி கண்முன்னே இருந்தும் பலர் அதனை நாடவில்லை.

1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர், நோயின் நுண்வித்துக்கள் காற்றிற் பரவுவதை நிறுவினார். தடையின்றி மலைதோறும் ஒரே பயிர் நின்றமை நோய்க்கு வாய்ப்பாயிற்று என்பது தெளிவாயிற்று. ஆயின் காலம் கடந்துவிட்டது. பிரேசில் நாட்டுக் கோப்பியின் போட்டியும் சேர, தோட்டங்கள் பல வீழ்ந்தன. 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. அதன் பின்னரே தேயிலை மலைகளை மூடிற்று.

தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். தோட்டங்களிடையே ஆட்களுக்குப் போட்டி மூண்டது. போட்டி மிகுந்தாற் கூலி உயருதல் இயல்பு. அதைத் தடுத்தது ‘துண்டு’ முறை. தொழிலாளியின் கடனைச் செலுத்துவோர் அவரை அழைத்துக்கொள்ளலாம் எனத் தோட்டத்தில் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. ஆகவே பெருகியது கூலியன்று. கங்காணிமார் பெற்ற முற்பணமே. அதுவும் தொழிலாளியின் கடனாகவே ஏறியது. தம் பெயரிலுள்ள கணக்கை வாசித்தறிய இயலாதவருக்குப் போட்டியால் யாது பயன்? 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 1925இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஏற்றுமதித் தேயிலைமீது சிறு தீர்வை விதித்து, அப்பணத்தில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அது பின்னர் தலவாக்கலையில் நிலைகொண்டது. ஊவாவுக்கெனப் பசறையில் அதன் கிளை இயங்குகின்றது. செலவைப் பலர் பகிர்ந்தனர், அறிவு பொதுவாயிற்று. 1946இற் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கிற்று. இதுவும் காற்றிற் பரவும் பூஞ்சணமே. ஆயினும் செம்பு சேர்ந்த மருந்தால் அதனை அடக்கும் வழி கண்டறியப்பட்டமையால் தேயிலை பிழைத்தது. கோப்பியைக் காக்கப் பிந்திவந்த அறிவு, தேயிலையைக் காக்க உரிய வேளையில் வந்தது.

2021இல் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. அத்தடை அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டபோதிலும், சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு வீழ்ந்தது. ஆராய்ந்தறியாது பிறக்கும் ஆணையின் விலையை நிலம் காட்டிற்று.

செல்வாக்கு பொதுநன்மையை நாடவேண்டும். போட்டியின் பயன் உழைப்போரையும் சேரவேண்டும். இரண்டுக்கும் துணை அறிவே. துண்டிலே எழுதப்பட்ட கணக்கு உரியவருக்கு எட்டாமற் போயிற்று. பசறையிற் கண்டறியப்படுவதோ சிறுதோட்டக்காரரின் கொல்லைக்கும் லயத்து வாயிலுக்கும் அவரவர் மொழியிற் சென்று சேரவேண்டும்.