போனில் வரும் வெட்டுக் கடதாசி: துணியில் கத்திரி வைக்கும் முன்



மன்னாரிலிருந்து தெற்கே கரையோரமாகப் போனால் வங்காலை, அரிப்பு தாண்டி வருவது சிலாவத்துறை. ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்குப் பேர்போன கரை. நம் பாட்டன் பூட்டன்மார் தோணியில் வந்து இறங்கி, கண்டிச் சீமையை நோக்கி நடந்ததும் இந்த மன்னார்க் கரையோரத்திலிருந்துதான். சொந்த வேலையாக அங்கே போய் நாலு நாள் தங்கியிருந்தேன். தங்கின வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ராத்தா தையல் மெசின் வைத்திருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது குழந்தையாகப் புத்தளம் போனவர். அங்கேதான் மெசின் பழகியிருக்கிறார். யுத்தம் 2009இல் முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி, இப்போது அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிறார்.

அவர் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டினார். மகளின் பள்ளிச் சட்டை. போனில் இறக்கின பட்டர்னை வைத்து வெட்டினது. மார்பு பிடித்து, கை தூக்க முடியாமல் போய்விட்டது. அரசாங்கம் கொடுத்த சீருடைத் துணி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், அதுவும் ஒரு பிள்ளைக்கு அளந்து கொடுக்கிற துணி. பிறகு கையிலிருந்த காசைப் போட்டுத்தான் வேறு துணி வாங்கியிருக்கிறார்.

“பிழை மெசின்ல இல்ல மிஸ், கடதாசில. அது எனக்குப் பிறகுதான் விளங்கிச்சு” என்றார்.

நம் தோட்டங்களிலும் லயத்துக்கு ஒரு மெசினாவது இருக்கிறது. பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. “மிஸ், போன்ல ப்ரொக் வெட்டுற படம் வருது, அதப் பார்த்து வெட்டலாமா?” என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெட்டலாம். ஆனால் அந்த ராத்தாவுக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்டர்ன் என்பது புதுச் சாமான் இல்லை. முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டையும் சரியான அளவில் கடதாசியில் வெட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்டுவதுதான். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் பல அளவுகளில் கடதாசி வெட்டி விற்கத் தொடங்கினார். அதற்கு முந்தி விற்ற கடதாசிகள் பெரும்பாலும் ஒரே அளவுதான். இப்போது அந்தக் கடதாசி தபாலில் வராமல் போனுக்கு வருகிறது, அவ்வளவுதான். பி.டி.எஃப். என்கிற கோப்பாக வரும். பெரிய துண்டுகளை ஏ4 தாள் அளவுக்குக் கூறு போட்டு வைத்திருப்பார்கள். நாம் பிரின்ட் எடுத்து, தாள்களை ஒட்டி, பிறகு வெட்ட வேண்டும். கட்டுநாயக்கா பக்கம் காமென்ட் வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் பட்டர்ன் போடுவது கம்ப்யூட்டரில்தான்.

காசு கொடுத்து வாங்குவதும் உண்டு, சும்மா கிடைப்பதும் உண்டு. வாங்குவதற்கு வங்கி அட்டை வேண்டும், விலை டொலரில் இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு அது தேவையில்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூஸ்ட் டி கொக் என்பவர் தொடங்கின ‘ஃப்ரீசூயிங்’ என்ற தளம் இலவசம். உங்கள் உடம்பு அளவுகளை சென்றிமீற்றரில் கொடுத்தால் அந்த உடம்புக்கென்றே பட்டர்னை வரைந்து தரும். அளவை நீங்களே எடுக்காதீர்கள். குனிந்தால் நாடா நழுவும், இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்கேயாவது ‘இலவசம்’ என்று சொல்லிவிட்டு அட்டை நம்பரோ, போனுக்கு வரும் இரகசிய இலக்கமோ கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். பட்டர்னுக்கு அது தேவையே இல்லை.

இனி அந்த ராத்தா எங்கே பிழைத்தார் என்று பார்ப்போம். அவர் போனைக் கடையில் கொடுத்து “பிரின்ட் எடுத்துத் தாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கடைப் பையன் தாளுக்குள் அடங்கட்டும் என்று ‘ஃபிட் டு பேஜ்’ என்பதிலேயே விட்டு எடுத்திருக்கிறான். கடிதத்துக்கோ விண்ணப்பத்துக்கோ அது பரவாயில்லை. பட்டர்னுக்கு ஆகாது. படம் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 30 அங்குலம் வர வேண்டிய சட்டைச் சுற்று 28.8 அங்குலமாகிவிடும். ஒன்றேகால் அங்குலம் போச்சு. பிள்ளை எப்படிக் கை தூக்கும்?

ஆகவே கடையில் நின்று சொல்ல வேண்டியது இதுதான்: “அளவை மாத்தாதீங்க, நூறு வீதத்தில எடுங்க.” கம்ப்யூட்டரில் ‘அக்சுவல் சைஸ்’ அல்லது ‘100%’ என்று இருக்கும். எல்லாத் தாளையும் ஒரேயடியாக எடுக்கவும் வேண்டாம். பட்டர்னில் ஒரு தாளில் சின்னச் சதுரம் ஒன்று போட்டிருப்பார்கள், பக்கத்திலேயே 5 சென்றிமீற்றர் என்றோ 2 அங்குலம் என்றோ எழுதியிருக்கும். அந்தத் தாளை மட்டும் முதலில் எடுத்து, அடிமட்டத்தை வைத்து இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய துணி நாடா இழுபட்டிருக்கும், அதை நம்பாதீர்கள். 5 சென்றிமீற்றர் 4.8 ஆக இருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு தாள் காசுதானே போகும்!

தாள் கணக்கையும் முந்தியே பாருங்கள். பெரியவர்களின் நீளச் சட்டைக்கு 30 தாளும் வரும், 40 தாளும் வரும். குழந்தைச் சட்டைக்குக் கொஞ்சம் போதும். அதனால் முதல் வேலையாகக் குழந்தைச் சட்டையோ, குட்டிக் காற்சட்டையோ எடுங்கள். சில கோப்புகளில் ஏ0 என்ற பெரிய தாளுக்கும் ஒன்று வைத்திருப்பார்கள். 16 ஏ4 தாள் சேர்ந்த அளவு அது. டவுனில் வீட்டு பிளான் பிரின்ட் எடுக்கிற கடையில்தான் எடுக்கலாம். ஒட்டுகிற வேலை மிச்சம்.

ஒட்டுவதற்கு அவசரப்படக் கூடாது. தாள் ஓரங்களில் எழுத்தோ இலக்கமோ இருக்கும், ஒரே இலக்கம் ஒன்றோடொன்று சேர வேண்டும். ஒரு தாளின் ஓரத்தை வெட்டி, மற்றதன் கோட்டின் மேல் வைத்து ஒட்டுங்கள். லயத்து அறையில் இடம் ஏது என்பீர்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பாயை விரித்து அதன்மேல் செய்யலாம். மழைக்காலத்தில் கடதாசி ஈரம் இழுக்கும், சுருட்டிப் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள்.

அளவு தெரிவு செய்வதில் இன்னொரு பிழை நடக்கிறது. ‘10 வயது’ என்று போட்டிருந்தால் அது அந்த நாட்டுப் பத்து வயது. நம் பிள்ளைகள் பலர் அந்தப் பட்டியலைவிட மெலிவு. வயதைப் பார்க்காமல் மார்பு, இடுப்பு அளவைப் பாருங்கள், நீளத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒரே தாளில் ஐந்தாறு அளவுக் கோடுகள் பின்னிக்கொண்டு கிடக்கும். உங்கள் கோட்டின் மேல் சிவப்புப் பேனாவால் முதலில் இழுத்துவிட்டுத்தான் கத்திரிக்கோலை எடுக்க வேண்டும்.

பட்டர்னில் இருப்பது இங்கிலிஷ் என்று பயப்பட வேண்டாம். மூன்று நாலு குறிகள் தெரிந்தால் வேலை நடக்கும். நீள அம்புக்குறி துணியின் நெடுக்கைக் காட்டும், அது துணிக் கரைக்குச் சமமாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் மடங்கின அம்பு என்றால் துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் அந்த ஓரத்தை வைக்க வேண்டும். அங்கே வெட்டினால் சட்டை இரண்டு துண்டாகிவிடும்! ஓரத்தில் உள்ள சின்ன முக்கோணம், எந்த இடம் எதனோடு சேரும் என்பதற்கு. தையலுக்கு விடும் ஓரத்தை மட்டும் கட்டாயம் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சில கம்பனிகள் ஒன்றரை சென்றிமீற்றர் சேர்த்திருக்கும், சில ஒன்று, சில எதுவுமே சேர்க்காது. சேர்க்காததை அப்படியே வெட்டினால் பிரின்ட் சரியாக இருந்தும் சட்டை சிறுத்துவிடும்.

கடைசியாக, நல்ல துணியில் நேரே வெட்டாதீர்கள். பழைய சாரம், கிழிந்த பெட்சீற், மாமூட்டைத் துணி எதுவென்றாலும் சரி. கைத்தையலாக ஓட்டி, பிள்ளைக்குப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பாருங்கள். பிடிக்கிற இடத்தைக் கடதாசியிலேயே திருத்துங்கள். பள்ளிச் சீருடை என்றால் கழுத்தும் கொலரும் பள்ளி சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். இறக்கின பட்டர்னில் அது இருக்காது. பழைய சீருடையைப் பக்கத்தில் வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

தைத்து விற்க நினைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். சில பட்டர்ன்களில் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அதை வைத்து விற்பனைக்குத் தைப்பது சரியில்லை, அந்தக் கோப்பை மற்றவர்களுக்கு அனுப்புவதும் சரியில்லை. அனுமதி தருகிறவைகளும் இருக்கின்றன, பார்த்து எடுங்கள்.

நான் புறப்படும்போது ராத்தா அந்தப் பிடித்த சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு துண்டு வைத்து, சின்ன மகளுக்குச் சரிப்படுத்துகிறாராம். பட்டர்ன் தாள்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

“இல்ல மிஸ், அவளுக்கு அந்த அளவு சரியா இருக்கும்” என்றார்.