சென்னைத் தமிழில் ஆங்கிலச் சொற்கள் – 11: டேங்க்

சென்னைப் பேச்சில் 'டேங்க்' என்னும் சொல், மொழிநூலார் பலபொருள் ஒருசொல் என்று குறிக்கும் வகையைச் சேர்ந்தது. மயிலாப்பூரில் அது கபாலீசுவரர் கோயிலின் மேற்கே உள்ள தெப்பக்குளத்தையும், அக்குளத்தை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தையும் குறிக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடித் தொட்டியையும், இருசக்கர வண்டியில் பெட்ரோல் கலத்தையும், ஆவடியில் போர் ஊர்தியையும் குறிக்கிறது. இவற்றுள் காலத்தால் முந்தியது குளம் என்னும் பொருளே என்பதும், அப்பொருள் ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்து சென்றது என்பதும் இச்சொல்லின் வரலாற்றைச் சுவையுடையதாக்குகின்றன.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த ஆங்கிலேயர் நீர்நிலையைக் குறிக்க இச்சொல்லைக் கையாளத் தொடங்கினர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கும் 'டாங்கு', 'டாங்கே' போன்ற சொற்களே இதன் மூலம் என்று ஒரு சாரார் கொள்ள, குளத்தைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லான 'தாங்க்கே' அதற்கு வலுவூட்டியது என்று பிற அகராதியாளர் சேர்த்துக்கொள்கின்றனர். போர்ச்சுகீசியர் 1520களிலேயே மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறிவிட்டமையால், 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெறுவதற்கு முன்பே அச்சொல் இப்பகுதியில் ஒலித்திருக்க வாய்ப்புண்டு.

ஆங்கிலேய வருவாய்த்துறையும் பொதுப்பணித்துறையும் இந்த ஒரே சொல்லால் தமிழர் வேறுவேறாகக் கண்ட நீர்நிலைகளைச் சுட்டின. தொண்டை மண்டல வழக்கில் ஏரி என்பது, சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்த கரை எழுப்பி மழைநீரைத் தேக்கி, மதகு வழியே ஆயக்கட்டுக்கு, அதாவது பாசன உரிமையுள்ள வயல்களுக்கு, நீர் விட்டு, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் அமைப்பாகும். கோயில் குளமோ நிலத்தைத் தோண்டி, நாற்புறமும் படி கட்டி அமைப்பது. சிறிய ஏரிக்குத் தாங்கல் என்று பெயர். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் ஆகிய ஊர்ப்பெயர்களில் அது நிலைத்துள்ளது. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட பாசன நீர்நிலைகள் இருப்பதாகக் கூறும் ஆங்கில ஆவணங்கள் அனைத்தையும் 'டேங்க்' என்றே எண்ணுகின்றன. எண்ணுவதற்கு அது வசதிதான். ஒன்றைத் தூர்த்தால் எந்த வயல் காயும், எந்தத் தெருவில் வெள்ளம் நிற்கும் என்பதை அச்சொல்லிலிருந்து அறிய வழியில்லை.

இதற்குச் சென்னையிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு வில்போல் வளைந்து கிடந்த ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். நகர் வளர்ந்து வீட்டுமனைத் தேவை பெருகியபோது, 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, 1923 முதல் இந்த ஏரி வடிக்கப்பட்டு, அதன் படுகையில் புதிய குடியிருப்பு எழுந்தது. நீதிக்கட்சி ஆண்ட காலமாதலால், 1925இல் மறைந்த அக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு வைக்கப்பட்டது. அக்கட்சியின் பனகல், நடேசன், உஸ்மான் ஆகியோர் பெயர்கள் பூங்காக்களுக்கும் சாலைக்கும் அமைந்தன. ஏரியின் நினைவோ, மேற்கு மாம்பலத்து லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்து டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா என ஆங்கிலப் பெயர்களிலேயே தங்கியிருக்கிறது. லேக் வியூ ரோட்டில் நிற்பவருக்கு இன்று எந்த ஏரியும் தென்படுவதில்லை. ஆயினும் 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தியாகராய நகரிலும் மாம்பலத்திலும் முழங்காலளவு நீர் தேங்கி நின்றபோது, பழைய நிலப்படத்தைப் பார்த்தவர்கள் வியக்கவில்லை. வள்ளுவர் கோட்டத்துப் பக்கமிருந்து நந்தனம் வழியாக அடையாற்றுக்கு ஓடும் மாம்பலம் கால்வாய் ஒன்றே அத்தனை நீரையும் வடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்துக்குச் சென்ற சொல் அங்கே திறந்த நீர்நிலை என்னும் பொருளைப் பெரும்பாலும் விட்டு, மூடிய கலம் என்னும் பொருளை ஏற்றுத் திரும்பியது. சென்னை வீடுகளில் 'டேங்க் ரொம்பி வழியுது, மோட்டாரை நிறுத்து' என்னும் குரலில் ஒலிப்பது இந்த இரண்டாம் பொருளே. தரைக்கடியில் உள்ள தொட்டி 'சம்ப்' எனப் பெயர் மாறியது. வீட்டுக்கழிவு சேரும் குழிக்குச் 'செப்டிக் டேங்க்' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. குஜராத்தின் கலோலில் 1975 முதல் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தொட்டியின் வணிகப்பெயரான 'சின்டெக்ஸ்', இப்போது எந்த நிறுவனத்தின் தொட்டிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. நகரின் நான்கு பெரிய ஏரிகளும் வற்றிய 2019 கோடையில், மெட்ரோ வாட்டர் லாரி வந்து தெருமுனைச் சின்டெக்ஸை நிரப்பும்வரை, வண்ண வண்ணக் குடங்கள் வரிசையில் இடம்பிடித்திருந்தன.

போர் ஊர்திக்கு இப்பெயர் வந்தது ஒரு மறைப்பினால். முதல் உலகப்போரில் பிரிட்டன் இந்த ஊர்தியை உருவாக்கியபோது, எதிரி அறியாதிருக்க, நீர் கொண்டுசெல்லும் கலம் என்று தோன்றும்படி அதை 'டேங்க்' என்று குறித்தனர். 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் அது களமிறங்கிய பின்னும் அந்த மறைப்பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் இதழ்கள் இதனை 'டாங்கி' என்று எழுத, இலங்கைத் தமிழில் 'தாங்கி' என்னும் வடிவம் வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் தண்ணீர்த் தொட்டியும் தண்ணீர்த் தாங்கியே. தாங்கு என்னும் வினையடி கைகொடுத்ததால், அதனை அயற்சொல் என்று யாரும் ஐயுறுவதில்லை. 'டேங்க்' என்று ஒலிபெயர்ப்பதைவிட இதுவே செம்மையானது.

நீச்சல் குளமும் ஆங்கிலத்தில் டேங்க் ஆனதால், அங்கே அணிந்த கையில்லாச் சட்டை 'டேங்க் டாப்' ஆகிப் பாண்டி பஜார் கடைகளில் தொங்குகிறது. டென்னிசில் வேண்டுமென்றே தோற்பதற்கும் இதே சொல் வினையாக வழங்குகிறது. 1997 முதல் சென்னை ஓப்பன் நடந்த நுங்கம்பாக்கம் அரங்கின் முகவரியே லேக் ஏரியா என்பது தற்செயல்.

'திங்க் டேங்க்' என்னும் தொடரில் டேங்க் முதலில் மண்டையைக் கேலியாகக் குறித்து, பின்னர் ஆய்வு நிறுவனத்தைக் குறித்தது. தமிழில் 'சிந்தனைக் குழாம்' என்று பெயர்த்தவர்கள் நீரை முற்றிலும் வடித்துவிட்டனர். அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகையில் சேர்வது. அங்கே பணியாற்றிய பொருளியலறிஞர் அ. வைத்தியநாதன் 2001இல் பதிப்பித்த நூல் தென்னிந்திய ஏரிகளைப் பற்றியது. அதன் ஆங்கிலத் தலைப்பும் டேங்க் என்னும் சொல்லோடுதான் தொடங்குகிறது.