முன் நட்டு கழன்றால் பின் போல்ட்டைப் பாருங்கள்

வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு ஒரு டீ சொல்லுங்கள். சூடான எஞ்சினில் சைலன்சர் நட்டைத் தொடக் கூடாது. அது ஆறும்வரை, அந்த நட்டு ஏன் திரும்பத் திரும்பக் கழல்கிறது என்று பேசிவிடலாம்.

முதலில் அறிகுறிகள். ஆக்சிலேட்டரை விட்டதும் ‘பட் பட்’ என்று வெடிக்கிறதா? காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹெட் பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடேறியதும் குறைகிறதா? எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்டு பைப், ஹெட்டோடு சேரும் இடத்தில் கரி படிந்திருக்கிறதா? அப்படியானால் அந்த இணைப்பில் இடைவெளி விழுந்திருக்கிறது. அதன் வழியே புகை வெளியே கசியும். ஆக்சிலேட்டரை விட்ட நேரத்தில் வெளிக்காற்று உள்ளே போகும். எரியாமல் குழாய்க்குள் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு கலந்து அங்கேயே எரியும். வெடிச்சத்தம் அதுதான். கார்புரேட்டர் கோளாறிலும் இதே சத்தம் வரும் என்றாலும், அதைப் பிரிப்பதற்கு முன் இந்த இணைப்பைப் பிடிக்கும் இரண்டு நட்டைப் பாருங்கள். காசும் நேரமும் மிச்சம்.

1994-இல் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் அமைப்பு எளிது. அலுமினிய ஹெட்டில் இரண்டு இரும்பு ஸ்டட்டுகள் நிற்கும். குழாயின் கழுத்தில் ஒரு ஃபிளாஞ்ச். இடையில் ஒரு பேக்கிங். இரண்டு நட்டுகள் ஃபிளாஞ்சை பேக்கிங்கின் மேல் அழுத்திப் பிடிக்கும்.

நட்டை முறுக்கும்போது ஸ்டட் மிக நுட்பமாக நீள்கிறது. நீண்ட இரும்பு பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுவிசைதான் இணைப்பை இறுக்கிப் பிடிக்கிறது. ஆனால் சைலன்சர் ஸ்டட் மிகக் குட்டையானது. முழு இறுக்கத்திலும் அது நீள்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். கீழே இருக்கும் பேக்கிங் சூட்டில் நசுங்கி அதே அளவு மெலிந்துவிட்டால், நட்டு ஒரு சுற்றுகூடச் சுழலாமலே இறுக்கம் போய்விடும். புதுப் பேக்கிங் போட்ட ஒரு வாரத்தில் மறுபடி புகை கசிவது பெரும்பாலும் இதனால்தான். மெக்கானிக்கைக் குறை சொல்வதற்கில்லை. பேக்கிங் படிந்த பிறகு இன்னொரு முறை இறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சூடும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். மயிலாப்பூரிலிருந்து தி. நகருக்குப் போய் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், அந்த இணைப்பு இரண்டு முறை விரிந்து சுருங்கியிருக்கும். தினமும் நாலைந்து குட்டிப் பயணம் போகும் வண்டிக்கு இந்த வேலை அதிகம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதிர்வில் நட்டு ஏன் தானாகக் கழல்கிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஆராய்ந்து 1969-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் இழுப்பைவிட, குறுக்குவாட்டில் வரும் அசைவே நட்டைக் கழற்றுகிறது என்று அவர் காட்டினார். இணைத்த இரண்டு பாகங்களும் ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் வழுக்கும்போது, மரைகளுக்கு இடையே இருக்கும் உராய்வுப் பிடி விட்டுப்போகிறது. ஒவ்வொரு வழுக்கலுக்கும் நட்டு கொஞ்சம் பின்னால் சுழல்கிறது. இன்றும் நட்டுகளைச் சோதிக்க அவர் பெயரிலேயே ஒரு முறை இருக்கிறது.

இதை உங்கள் வண்டியில் பொருத்திப் பாருங்கள். பல 100 சி.சி. வண்டிகளில் பெண்டு பைப்பும் சைலன்சரும் ஒரே நீளத் துண்டு. அதன் எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. அங்கே பிராக்கெட்டில் ஒரு போல்ட் அதைச் சட்டத்தோடு பிடிக்கிறது. அந்தப் பின் போல்ட் தளர்ந்தாலோ, பிராக்கெட்டின் வெல்டிங் விட்டிருந்தாலோ, ரப்பர் புஷ் நைந்துபோயிருந்தாலோ, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சைலன்சர் வால் ஆடும். வால் ஆடினால் கழுத்தில் ஃபிளாஞ்ச் பக்கவாட்டில் நகரும். யுங்கர் சொன்ன அசைவு அதுதான். முன் நட்டை எத்தனை முறை இறுக்கினாலும் பயன் இருக்காது, காரணம் பின்னால் இருக்கிறது.

பழைய புல்லட் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 1955-இல் தொடங்கி நம் திருவொற்றியூரில் தயாரான அந்த 346 சி.சி. வண்டியின் வார்ப்பிரும்பு எஞ்சினில் பெண்டு பைப் ஹெட்டின் துளைக்குள் செருகி நிற்கும். மேலே ஃபிளாஞ்ச் நட்டே கிடையாது. கீழே இருக்கும் பிடிமானங்கள்தான் குழாயை அதன் இடத்தில் நிறுத்துகின்றன. அவை தளர்ந்தால் ஹெட் பக்கம் கசியும். புல்லட்காரர்கள் கீழேயிருந்து பார்க்கத் தொடங்குவது அதனால்தான். மற்ற வண்டிக்காரர்கள் அதேபோலப் பின்னாலிருந்து தொடங்கலாம்.

நம் பகுதிச் சாலைகள் இந்த இணைப்புக்கு நிறைய வேலை கொடுக்கின்றன. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பக்கமெல்லாம் சாலைகள் தோண்டப்பட்டு, ஒட்டுப்போடப்பட்டு, திருப்பிவிடப்பட்டன. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் உப்புக்காற்று ஸ்டட் மரைகளைத் துருவேற்றுகிறது. சைலன்சர் உள்ளேயிருந்தும் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட பயணத்தில் அது வெளியேறிவிடும். கடைத்தெருவுக்குப் போய்வருவதில் சைலன்சர் முழுக்கச் சூடேறாமல், ஆவி உள்ளேயே நீராகத் தங்கும்.

டீ முடிந்திருக்கும், எஞ்சினும் ஆறியிருக்கும். சைலன்சரின் பின்முனையைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். வண்டி முழுவதும் சேர்ந்து அசைந்தால் நல்லது. சைலன்சர் மட்டும் தனியாக அசைந்தால் பின் போல்ட்டையும் பிராக்கெட்டையும் முதலில் சரிசெய்யுங்கள்.

குழாயைக் கழற்றினால் பழைய பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். துளைக்குள் பழையது ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள். முன் நட்டுகளையும் பின் போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். பின் துளை நேராகப் பொருந்தாவிட்டால் வலிந்து இழுத்துப் பூட்டாதீர்கள். பிராக்கெட்டை நிமிர்த்துங்கள், அல்லது இடைவெளிக்கு வாஷர் வையுங்கள். பிறகு முன் நட்டுகளை அரைச் சுற்று இது, அரைச் சுற்று அது என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஃபிளாஞ்ச் சாயாமல் உட்கார வேண்டும். பின் போல்ட் கடைசியில்தான். அதை முதலில் பூட்டினால் குழாய் முறுக்கிக்கொண்டு, இரண்டு நட்டில் ஒன்று மட்டும் பாரம் சுமக்கும்.

எவ்வளவு இறுக்குவது? 6 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பேனரை நட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்து 10 கிலோ அளவுக்கு அழுத்துவது அது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தால் இரும்பு ஸ்டட் அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதன் பிறகு ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட்டை முன்னால் போடாதீர்கள், அந்தச் சூட்டில் நைலான் தாங்காது. சாதாரண மரைப் பசையும் அப்படித்தான். முழுக்க உலோகத்தாலான லாக் நட்டு ஏற்றது. செம்பு அல்லது பித்தளை நட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது. நைலான் நட்டு வேண்டுமென்றால் சூடு குறைவாக இருக்கும் பின்பக்க போல்ட்டுக்குப் போடலாம்.

துருவேறிய நட்டு அசையவில்லை என்றால் அவசரம் வேண்டாம். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கழலும் பக்கம் கொஞ்சம், இறுகும் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து இளக்குங்கள். ஒரே இழுப்பில் முயன்றால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துபோகும்.

புதுப் பேக்கிங் போட்டு ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடாகி மறுபடி முழுக்க ஆறியதும் இன்னொரு முறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். பேக்கிங் விட்டுக்கொடுத்த இறுக்கத்தை அப்போதுதான் திரும்பப் பெறலாம். அதன் பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பின்னால் ஒரு முறை, முன்னால் ஒரு முறை பார்த்தால் போதும். அப்பா ஓட்டிய வண்டியைப் பிள்ளை ஓட்டும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. அந்த வண்டிக்கு இந்த ஐந்து நிமிடத்தைக் கொடுங்கள். சர்வீசுக்கு விடும்போது மெக்கானிக்கிடம் “அண்ணே, சைலன்சர் பின் போல்ட்டையும் பாத்துடுங்க” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.